மட்டையும் மடிப்பும்: விசிறிப்பனைகளை இனம் காணல்

(செங்கல்பட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பனையைப் பற்றிப் பேச ஒருவன் வந்தால் பதநீரையும் நுங்கையும் ஓலைச்சுவடியையும் எதிர்பார்ப்பீர்கள். அவற்றைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. நான் பேசப்போவது சின்னப் பனைகளைப் பற்றி. ஆள் உயரம்கூட எட்டாத, விசிறி விசிறியாக ஓலை விட்ட பனைகளைப் பற்றி. அவற்றில் எது எது என்று எப்படிப் பிரித்து அறிவது? இந்த ஒரு கேள்விதான் இன்றைய என் பொருள்.

இது தாவரவியல் வகுப்பறைக் கேள்விதானே, பொதுமேடையில் எதற்கு என்று நினைக்கலாம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். விடுதி வாசல்களில் தொட்டிகள், தொட்டிகளில் குட்டிப் பனைகள். அடுத்த மனையில் மணல். மணலில் இன்னொரு விசிறி ஓலை. தொட்டியில் நிற்பதற்கு விலை உண்டு, பெயர்ச்சீட்டு உண்டு, தண்ணீர் ஊற்ற ஆள் உண்டு. மணலில் நிற்பதற்கு என்ன உண்டு? மனை சமன்படுத்தும் நாளில் பொக்லைன் உண்டு! இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. ஒன்று சீனத்துச் செடி. மற்றது நம் மாநில மரத்தின் பிள்ளை. வேறுபாடு தெரியாத கண்ணுக்கு இரண்டும் ‘ஏதோ ஒரு பாம்’. தெரிந்த கண்ணுக்கு?

அந்தக் கண் வேண்டும் என்றுதான் இங்கே வந்து நிற்கிறேன்.

நர்சரிக்குப் போய் விசிறிப்பனை வேண்டும் என்று கேளுங்கள். ‘ரேபிஸ் பாம்’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். ‘சைனா பாம்’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். ‘டேபிள் பாம்’ என்று வட்டமாக ஓலை விரித்த ஒன்றைக் காட்டுவார்கள். விற்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாங்குகிறவர் கேட்காத கேள்விக்கு அவர் ஏன் பதில் வைத்திருக்க வேண்டும்? சைனா பாம் என்பது லிவிஸ்டோனா சைனென்சிஸ். டேபிள் பாம் அதற்கு உறவு. தென்கிழக்காசியத் தீவுகளில் அது உயர்ந்த மரமாக வளர்கிறது. தொட்டியில் நாம் வைத்திருப்பது அதன் குழந்தைப் பருவம். ரேபிஸ் மட்டும்தான் வாழ்நாள் முழுவதும் குட்டையாகவே இருக்கும் பனை. பாருங்கள், சின்னப் பனை என்று நாம் அழைக்கும் கூட்டத்திலேயே இரண்டு வகை கலந்து நிற்கின்றன. சின்னதாகவே இருப்பவை, இன்னும் வளராதவை. உயரத்தைப் பார்த்து இனம் சொன்னால் முதல் படியிலேயே சறுக்கிவிடுவோம்.

உயரம் ஏமாற்றும் என்றால் எதைப் பார்ப்பது? மேசைமேல் சில ஓலைகளை வைத்திருக்கிறேன். முதலில் தென்னை. கீற்றிலிருந்து ஓர் இலையை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுவாயைப் பாருங்கள். ஈர்க்கு மேலே இருக்கிறது. இலையின் இரு பக்கங்களும் அதிலிருந்து கீழே சரிகின்றன. கூரை! ஈர்க்குதான் முகடு. மழை பெய்தால் இரு பக்கமும் வழிந்துவிடும். இப்போது பனை ஓலையில் ஒரு விரலை எடுத்து அதேபோல வெட்டுங்கள். ஈர்க்கு அடியில் இருக்கிறது. பக்கங்கள் இரண்டும் மேல்நோக்கி எழுகின்றன. வாய்க்கால்! மழை பெய்தால் நீர் அதன் வழியே ஓடும். ஓலை வேய்ந்தவர்களுக்கும் துடைப்பத்துக்கு ஈர்க்கு உரித்தவர்களுக்கும் விரல்நுனியில் இருக்கும் அறிவு இது. தாவர நூலார் இதைத்தான் பனைக் குடும்பம் முழுவதையும் பிரிக்கும் முதன்மையான அடையாளங்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். தென்னையும் கமுகும் கூரை மடிப்பு. பனையும் ஈச்சையும் வாய்க்கால் மடிப்பு. ரேபிஸ், லிவிஸ்டோனா, குடைப்பனை எல்லாமே வாய்க்கால்தான்.

ஆசியாவின் விசிறிப்பனை என்றால் வாய்க்கால் மடிப்புதான் இருக்கும் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு சின்னப் பனை. அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

தென்சீனத்தில் குயிலின் என்று ஓர் ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள், செங்குத்தாக எழும்பியவை. அந்தப் பாறை இடுக்குகளில் குட்டையான ஒரு விசிறிப்பனை வளர்கிறது. ஓலையின் அடிப்பக்கம் வெள்ளிபோல மின்னும். 1982ஆம் ஆண்டில் சீனத் தாவர அறிஞர்கள் இருவர் இதற்குப் பெயர் வைத்தார்கள். நார் மூடிய தண்டு, விசிறி ஓலை, குளிரைத் தாங்கும் மலைச்செடி; ஆகவே டிரக்கிகார்ப்பஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். அந்தப் பேரினம் நமக்கு அந்நியமில்லை, மேகாலயத்துக் காசி மலைகளில் இருக்கிறது, குமாவுனில் இருக்கிறது. குயிலின் பனைக்குப் பெயர் வைப்பதற்கு 45 ஆண்டுகள் முன்னால், 1937இல், பிரெஞ்சு அறிஞர் கான்யபான், இந்தோசீனப் பகுதியில் கிடைத்த மற்றொரு சின்னப் பனைக்குப் பெயரிட்டு அதை ரேபிஸ் பேரினத்தில் வைத்திருந்தார். அந்த வகைப்பாடும் பார்வைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஆக ஒன்று டிரக்கிகார்ப்பஸ், மற்றது ரேபிஸ். இரண்டும் தனித்தனிப் பேரினத்துப் பிள்ளைகளாகக் கணக்கில் ஏறிவிட்டன. பிறகு யாரோ ஓலையைக் கையில் எடுத்து மடிப்பைப் பார்த்தார்கள். ரேபிஸ் என்றால் வாய்க்கால் இருக்க வேண்டும். டிரக்கிகார்ப்பஸ் என்றாலும் வாய்க்கால் இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் இருந்ததோ கூரை! தென்னையைப் போலக் கூரை! விசிறி ஓலையில் கூரை மடிப்பு என்பது ஆசியாவில் அதுவரை யாரும் எதிர்பாராதது. 1985இல் லண்டன் கியூ தோட்டத்து ஜான் டிரான்ஸ்ஃபீல்டும் அந்தச் சீன அறிஞர்கள் இருவரும் சேர்ந்து, இவை இரண்டும் புதியதொரு பேரினம் என்று அறிவித்தார்கள். குய்ஹாயா என்று பெயரிட்டார்கள். சீனத்துச் சின்னப் பனையும் வியட்நாம் பக்கத்துச் சின்னப் பனையும் அன்றுதான் ஒரே கூரையின் கீழ் வந்தன.

எண்ணிப் பாருங்கள். அந்தப் பனைகள் அங்கேயே இருந்தன. பார்த்தவர்கள் படித்தவர்கள். உலர்த்தி ஒட்டிய மாதிரிகள் உலர்தாவரகங்களில் இருந்தன. எல்லாம் இருந்தும், தோற்றத்தின் ஒற்றுமை கண்ணை மறைத்துவிட்டது. மறைத்ததை விலக்கியது எது? விலை உயர்ந்த கருவியா? இல்லை. ஓர் ஓலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்த பார்வை. அந்தப் பார்வைக்கு ஒரு பிளேடு போதும் அன்பர்களே!

சரி, மடிப்பு ஒன்றாக இருக்கும் பனைகளை எப்படிப் பிரிப்பது? ரேபிஸையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர் விடுதிகளிலும் வங்கி வாசல்களிலும் நிற்பது பெரும்பாலும் ரேபிஸ் எக்ஸெல்சா. தென்சீனமும் வட வியட்நாமும் அதன் தாயகம். மூங்கில் புதர்போல அடியிலிருந்து பல தண்டுகள் வரும். ஒவ்வொரு தண்டையும் கறுத்த பன்னாடை சுற்றியிருக்கும். மட்டையில் முள் கிடையாது, கருக்குக் கிடையாது; குழந்தை தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ஓலை கிட்டத்தட்ட அடிவரை கிழிந்து, ஐந்து முதல் பத்து விரல்களாக நிற்கும். இதற்கு நெருங்கிய உறவு ரேபிஸ் ஹுமிலிஸ். அதே புதர், அதே பன்னாடை, அதே முள்ளில்லாத மட்டை. எப்படிப் பிரிப்பது?

விரல்நுனியைப் பாருங்கள். எக்ஸெல்சாவின் ஓலைவிரல் நுனி மழுங்கியிருக்கும். யாரோ கத்தரித்து விட்டாற்போலச் சிறு பற்களோடு முடியும். ஹுமிலிஸின் விரல் ஒடுங்கி ஒடுங்கிக் கூராக முடியும். விரல்களும் ஒல்லியாக, எண்ணிக்கையில் கூடுதலாக இருக்கும். அடுத்து, தண்டைச் சுற்றிய நாரின் தடிப்பைப் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. விரல்களின் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். இளங்கன்றில் விரல் குறைவு, முதிர்ந்ததில் அதிகம். வெயிலில் நிற்பதன் ஓலை மஞ்சளோடும், நிழலில் நிற்பதன் ஓலை கரும்பச்சையாகவும் இருக்கும். நிறத்தை வைத்து இனம் சொல்பவர் அடுத்த மாதம் தொட்டியை நகர்த்தியதும் வேறு இனம் சொல்ல வேண்டிவரும்.

ஹுமிலிஸைப் பற்றி இன்னொரு செய்தி. அதில் இதுவரை அறியப்பட்டிருப்பவை ஆண் செடிகளே. ரேபிஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. தோட்டக்காரர்கள் விதைக்காகக் காத்திருப்பதில்லை, பக்கக் கன்றைப் பிரித்து நடுகிறார்கள். ஆண் செடியிலிருந்து பிரித்தது ஆண்தான். அதிலிருந்து பிரித்ததும் ஆண்தான். தொட்டிகள் பெருகின, தோட்டங்கள் பெருகின, கடல் கடந்து நாடுகள் பெருகின. விதை மட்டும் இல்லை. மனிதன் கைமாற்றிக் கைமாற்றி வாழவைத்திருக்கும் பனை அது.

பெயர்க் குழப்பத்துக்கும் இந்த ரேபிஸ்தான் சிறந்த சாட்சி. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டையைக் கட்டிய அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக வேலை பார்த்தவர் துன்பெர்க் என்ற சுவீடன் நாட்டவர், தாவர அறிஞர் லின்னேயஸின் மாணவர். 1775இல் ஜப்பான் போனார். அங்கே தோட்டங்களில் இருந்த சின்ன விசிறிப்பனையைக் கண்டு, 1784இல் வெளிவந்த தம் ஜப்பான் தாவர நூலில் சாமிரோப்ஸ் எக்ஸெல்சா என்று எழுதினார். பிறகு ஐரோப்பாவுக்கு வேறொரு பனை வந்தது. ஒற்றைத் தண்டு, உயர்ந்து வளர்வது, பனி பெய்தாலும் நிற்பது. இன்று டிரக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி என்கிறோமே, அது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் துன்பெர்க் எழுதியது இதைத்தான் என்று எண்ணி அதே பெயரை இதற்குச் சூட்டிவிட்டார்கள். ஒரே பெயர், இரண்டு பனை! ஒன்று புதர், மற்றது மரம். ஒருவர் விதை கேட்டு எழுதுவார் புதரை நினைத்து. மற்றவர் அனுப்புவார் மரத்தை நினைத்து. துன்பெர்க் வைத்த பெயர் அவர் கண்ட புதருக்கே உரியது என்று சரிசெய்து, ரேபிஸ் எக்ஸெல்சா என்ற இன்றைய பெயர் அச்சேறியது 1930இல். கணக்குப் போடுங்கள். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு!

இமயத்திலும் இதே கதை நடந்தது. குமாவுன் மலைகளில் தக்கில் என்ற மலைப்பக்கம் பனி விழும் உயரத்தில் ஒரு விசிறிப்பனை நிற்கிறது. 1905இல் இத்தாலிய அறிஞர் பெக்காரி அதற்கு டிரக்கிகார்ப்பஸ் தக்கில் என்று பெயரிட்டார். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்கு அதன்மேல் ஆசை. ஆசைக்கு விதை வேண்டும். தக்கில் என்ற பெயரோடு வெளிநாடுகளுக்குப் போன விதைகளில் பல, மலைநகரத் தோட்டங்களில் நட்டு வளர்த்த டிரக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனியின் விதைகள் என்று பின்னால் தெரியவந்தது. வாங்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் நீரூற்றி வளர்த்தது அவர்கள் நினைத்த பனையை அல்ல. அபூர்வமான ஒன்றைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பிக்கொண்டு, எங்கும் கிடைக்கிற ஒன்றையே பெருக்குவது எவ்வளவு பெரிய வீண்! காட்டில் நிற்கும் உண்மையான தக்கில் பனைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வேறுபட்டவற்றை ஒன்றென்று நினைத்த பிழை. எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ஒன்றையே இரண்டென்றும் மூன்றென்றும் நினைப்பது. ஜப்பானியர் ரேபிஸில் வரியோடியவை, வெள்ளைப் பட்டை கொண்டவை, குட்டை ஓலை கொண்டவை என்று பலவற்றைத் தேர்ந்து தனித்தனிப் பெயரிட்டுப் போற்றி வளர்த்தார்கள். பார்வைக்கு எவ்வளவோ வேறுபாடு, இனம் ஒன்றுதான். நம் பனைக்கே இது நேர்ந்திருக்கிறது. மலையாளக் கரையில் டச்சு ஆளுநராக இருந்த ரீடு, உள்ளூர் வைத்தியர்களின் அறிவைத் திரட்டி உருவாக்கிய ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற பெருநூல் 1678 தொடங்கி 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதல் தொகுதியில் கரிம்பனை என்று ஒரு படம், ஆம்பனை என்று இன்னொரு படம். இரண்டு மரமா? பெண்பனையும் ஆண்பனையும்! ஒன்றில் காய், ஒன்றில் வெறும் கதிர். உள்ளூர்க்காரர்களுக்கு அது ஒரே மரத்தின் இரு பால் என்பது தெரியும். 1753இல் லின்னேயஸ் இரண்டையும் சேர்த்து பொராசஸ் ஃப்ளாபெல்லிஃபர் என்ற ஒற்றைப் பெயருக்குள் வைத்தார்.

நம் புதர்க்காட்டு ஈச்சையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது விசிறிப்பனை இல்லை, இறகு ஓலை. ஆனாலும் மடிப்பு வாய்க்கால், ஆகவே தென்னையைவிட நம் பனையின் பக்கம் நிற்பது. செங்கல்பட்டுப் பக்கக் குன்றடிகளிலும் கடலோர மணற்புதர்களிலும் குத்துக்குத்தாக, முள்ளோடு நிற்கிறதே, அந்தச் சிற்றீச்சை. இலங்கைக் கனி ஒன்றை வைத்து 1788இல் கேர்ட்னர் என்ற ஜெர்மானியர் ஃபீனிக்ஸ் பூசில்லா என்றார். சோழமண்டலக் கரையில் அதே ஈச்சையைக் கண்ட தாவர அறிஞர் ராக்ஸ்பர்க் 1796இல் ஃபீனிக்ஸ் ஃபாரினிஃபெரா என்றார். பஞ்சகாலத்தில் மக்கள் அதன் குட்டைத் தண்டைப் பிளந்து உள்ளே இருக்கும் மாவை எடுத்து உண்டதை அவர் எழுதி வைத்திருக்கிறார். 1885இல் இலங்கையில் டிரைமன் என்பவர் அங்கிருப்பது வேறு என்று எண்ணி ஃபீனிக்ஸ் சைலானிக்கா என்று மூன்றாவது பெயர் வைத்தார். 1998இல் சாஷா பேரோ என்ற ஆய்வாளர் ஈச்சைப் பேரினம் முழுவதையும் ஆராய்ந்து, மூன்றும் ஒன்றே, முதலில் வைத்த பெயரே செல்லும் என்று முடித்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வளரும் ஈச்சை இது. பஞ்சத்தில் நம் முன்னோரின் வயிற்றை நிரப்பிய செடி. இன்று நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘முட்புதர்’. மனையில் முதலில் கொளுத்தப்படுவதும் அதுதான்.

இப்போது நம் மணலுக்கு வருவோம். இதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

மணலில் நிற்கும் அந்த விசிறி ஓலை, வடலி. பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஆடி ஆவணியில் பழம் விழுகிறது. கொட்டை மண்ணில் படுகிறது. அது முளைக்கும்போது மேலே வருவதில்லை, கீழே போகிறது. மண்ணுக்குள் ஒரு குழாயை இறக்கி, அதன் நுனியில் பிள்ளைச் செடியைக் கொண்டுபோய் வைக்கிறது. அதைத் தோண்டி எடுத்தால் பொங்கலுக்குப் பனங்கிழங்கு. தோண்டாமல் விட்டால் வடலி. முதல் ஓலை விசிறியாகவே இருக்காது; ஒற்றைப் பட்டையாக, புல்லின் தடித்த இலையைப்போல நிற்கும். போகப் போகத்தான் மடிப்பு கூடி விசிறி விரியும். பிறகும் ஆண்டுக்கணக்கில் மரம் உயராது. பனைக்குத் தண்டு பின்னால் பருக்காது அன்பர்களே. ஆலும் வேம்பும் வயதாக வயதாகப் பருக்கும், பனை அப்படியல்ல. முழுப் பருமனையும் தரைக்குள்ளேயே திரட்டிக்கொண்டு, அதன்பிறகுதான் மேலே கிளம்பும். அதுவரைக்கும் பார்க்கிறவருக்கு அது குத்துச்செடி. அப்புறம் முதல் பாளை வர, மொத்தத்தில் பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கும் மேலோ ஆகும். அதுவரை ஆணா பெண்ணா என்று பனையேறியாலும் சொல்ல முடியாது.

இப்படிச் சும்மா நிற்பதாகத் தெரியும் அந்த ஆண்டுகளில்தான் வடலி சாகிறது. மாடு மேய்ந்து சாவதைவிட, மனிதன் அதைப் புதரென்று நினைத்துச் சாகடிப்பதுதான் அதிகம். மனையில் இருந்த வடலிகளை வழித்தெறிந்துவிட்டு, அதே இடத்தில் சைனா பாம் வாங்கி நட்டிருப்பதை இந்தக் கடற்கரையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். நட்டவருக்குத் தீய எண்ணம் கிடையாது. அழகான விசிறிப்பனை வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். அவர் காலடியில் அது இருந்தது. அவருக்குத் தெரியவில்லை!

தெரிந்துகொள்வது கடினமா? இரண்டு ஓலையையும் தூக்கிக் காட்டுகிறேன், கடைசி வரிசையிலும் தெரியும். சைனா பாம் ஓலையின் விரல்நுனிகள் நீளமாகப் பிளந்து, தளர்ந்து கீழே தொங்குகின்றன. வடலியின் விரல் விறைத்து நிற்கிறது. நுனி மட்டும் சற்றே பிளந்திருக்கிறது. சைனா பாம் பளபளக்கும் பச்சை, வடலி சாம்பல் பூத்த பச்சை. மட்டையைப் பாருங்கள். சைனா பாம் மட்டையின் அடிப்பகுதியில் வளைந்த முட்கள். வடலியின் மட்டையில் இரு ஓரமும் கறுத்த, ஒழுங்கில்லாத கருக்கு, வாளின் பல் போல. அதைக் கையால் உருவிப் பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார். ரேபிஸ் மட்டையிலோ ஒன்றும் இல்லை என்று முன்பே சொன்னேன். முள், கருக்கு, வழுவழுப்பு. மட்டை ஒன்றைத் தடவிப் பார்த்தாலே இந்தக் கடற்கரைச் சாலையில் நம்மைக் குழப்பும் மூன்றையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

பெரிய குழப்பம் ஒன்று மீதி இருக்கிறது. குடைப்பனைக் கன்று. தாளிப்பனை என்றும் சொல்வார்கள். அதன் மட்டையிலும் கறுத்த பல் உண்டு, ஓலையும் விறைப்பு. கன்றில் பார்த்தால் வடலியோடு குழம்ப இடமுண்டு. ஆனால் வளர வளர அதன் ஓலையின் அகலம் வடலியை எங்கோ விட்டுவிட்டுப் போய்விடும். பல பத்தாண்டுகள் வளர்ந்து, உச்சியில் ஒரே ஒருமுறை பூத்து, காய்த்து, அத்தோடு மடியும் மரம் அது. சுவடிக்கு உதவிய ஓலைகளில் அதன் ஓலையும் ஒன்று. தோட்டங்களில் அரிதாக எங்கேனும் நிற்கும். ஏரிக்கரையில் தானாக முளைத்து நிற்பது பனைதான் என்று நீங்கள் உறுதியாகக் கொள்ளலாம்.

இன்னொன்றும் கேட்பீர்கள். வடலி அவ்வளவு நல்லதென்றால் நர்சரியில் ஏன் அதைத் தொட்டியில் வளர்த்து விற்பதில்லை? காரணம் அந்தக் கிழங்குதான். கொட்டை முதல் வேலையாக ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. தொட்டியின் அடி அதற்குப் போதாது. வளர்ந்த வடலியைப் பெயர்த்து வேறிடம் நட்டால் பிழைப்பது அரிது. ரேபிஸைப் பிரித்து நடலாம், லிவிஸ்டோனாவைத் தொட்டி மாற்றலாம். பனையைக் கொட்டையாகவே நட வேண்டும், நட்ட இடத்திலேயே விட வேண்டும். விலைக்கு வாங்க முடியாத பனை அது. ஆகவே மனையில் ஏற்கெனவே நிற்கும் ஒரு வடலிக்கு, எந்த நர்சரியாலும் ஈடு தர முடியாது. எட்டு வயது வடலியை அழித்தவர் எட்டு ஆண்டுகளை அழித்தவர்.

2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டத்தை அறிவித்தார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். மனமார வரவேற்கிறேன். ஏரிகளுக்குப் பெயர்போன நம் மாவட்டத்தில் எத்தனையோ கரைகளில் இளைஞர்கள் பனங்கொட்டை நட்டிருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நட்டவற்றை ஐந்தாம் ஆண்டில் யார் அடையாளம் காண்பது? கரையைச் சீர்செய்ய வரும் ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு அது வடலி என்று யார் சொல்வது? மரத்தை வெட்டினால் பதறுகிறோம். மரமாகாத மரத்தை வழித்தால் நமக்குத் தெரிவதே இல்லை.

அதனால் மாணவச் செல்வங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊர் ஏரிக்கரை, சுடுகாட்டு ஓரம், பள்ளி மதிலோரம், கடற்கரை மணல், எங்கெல்லாம் தரையோடு நிற்கும் விசிறி ஓலை கண்ணில் படுகிறதோ, அங்கே நில்லுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மடிப்பு கூரையா வாய்க்காலா? மட்டையில் கருக்கா, முள்ளா, ஒன்றுமில்லையா? விரல்நுனி விறைப்பா, தொங்கலா, மழுங்கலா? ஒற்றைத் தண்டா, புதரா? யார் நட்டது, அல்லது தானாக முளைத்ததா? ஒரு படமும் எடுங்கள். ஓலையை மட்டுமல்ல, மட்டை தண்டோடு சேரும் இடத்தையும் எடுங்கள், பாதி அடையாளம் அங்கேதான் இருக்கிறது. ஐயம் வந்தால் முதலில் ஊரிலுள்ள பனையேறியிடம் கேளுங்கள், பிறகு தாவரவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். இருவரும் வேறுவேறாகச் சொன்னால் இருவரையும் ஒரே இடத்துக்கு அழைத்துக்கொண்டு போய் நிறுத்துங்கள்.

அந்தக் கணக்கைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு படியெடுத்து ஊராட்சியில் கொடுங்கள், கிராம சபையில் எழுந்து படியுங்கள். இந்த மணலில் இத்தனை வடலி, இந்தக் கரையில் இத்தனை வடலி என்று அங்கே பதிவாகட்டும். அடுத்த முறை மனை அளக்கவும் கரை அளக்கவும் வருகிறவர் கையில் வரைபடம் இருக்கும்போது, உங்கள் கையில் அந்தப் பட்டியல் இருக்கட்டும்.